ஒரே நிரல், பல கைப்பேசிகள்: பாட்டியின் போனில் செயலி ஏன் இறங்கவில்லை?

திருவிழா நெருங்கிய நேரத்தில் எங்கள் தோட்டக் கோயிலுக்கென ஒரு புதிய செயலி வந்தது. வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் காசு வாங்காமல் செய்து கொடுத்தது. பூசை நேரம், அன்னதானப் பொறுப்பாளர்கள் பட்டியல், தேவாரப் பாடல்கள் எல்லாம் அதில் இருந்தன. இளைஞர்கள் ஐந்து நிமிடத்தில் இறக்கிக்கொண்டார்கள். என் பாட்டியின் கைப்பேசியில் மட்டும் இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்ற அறிவிப்பு வந்து நின்றது.

"ஏன் கண்ணு, என் ஹேன்போன்ல மட்டும் வரமாட்டேங்குது? காசு முடிஞ்சிபோச்சா?" என்று பாட்டி கேட்டார்.

காசும் முடியவில்லை, கைப்பேசியும் கெடவில்லை. மாணவர்கள் மென்பொருளைத் தயாரித்தபோது எழுதிய ஒரு பட்டியலில் பாட்டியின் கைப்பேசி வகை இடம்பெறவில்லை. இந்த மென்பொருள் எந்தெந்தக் கருவிகளுக்காகத் தயாராக வேண்டும் என்று சொல்லும் அந்தப் பட்டியலை 'இலக்குப் பட்டியல்' எனலாம். அதை எப்படி அமைப்பது, அதில் எங்கே தவறு நேர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கணினித் துறை மாணவர்களுக்கும், கோயில், சங்கம், கடை ஆகியவற்றுக்குச் செயலி செய்யச் சொல்லும் பொறுப்பாளர்களுக்கும் இது பயன்படும்.

நிரல் ஒன்று, தயாரிப்பு பல

நிரலர் எழுதுவது மூல நிரல். சி, சி++ போன்ற மொழிகளில் மனிதர் வாசிக்கக்கூடிய வடிவில் அது இருக்கும். கைப்பேசியின் சில்லுக்கு அந்த மொழி புரியாது. அதற்குப் புரிவது எண்களால் ஆன கட்டளைகள் மட்டுமே. மூல நிரலை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தரும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். தமிழில் 'தொகுப்பி' என்கிறோம்.

எல்லாச் சில்லுகளும் ஒரே கட்டளைகளைப் புரிந்துகொள்வதில்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு. விண்டோஸ் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எக்ஸ்86 வகை. ஒன்றுக்காகத் தயாரித்ததை மற்றது நேரடியாக ஓட்ட முடியாது. சில்லு ஒன்றாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ் என்று இயங்குதளம் மாறினால் மறுபடியும் தனித்தயாரிப்பு வேண்டும்.

மடிக்கணினியில் உட்கார்ந்து கைப்பேசிக்கான மென்பொருளைத் தயாரிப்பதே 'குறுக்குத் தொகுப்பு'. கல்யாணச் சமையலை ஓரிடத்தில் முடித்து, மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுவது போன்றது இது. சமைக்கிற இடத்தில் என்ன வசதி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. சாப்பிடுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பதும் சமையல்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் மூன்று சொற்கள் மாணவர்களைக் குழப்பும். தயாரிப்பு நடக்கும் கணினியை 'பில்டு' என்பார்கள். தயாரான மென்பொருள் ஓடப்போகும் கருவியை 'ஹோஸ்ட்' என்பார்கள். 'டார்கெட்' என்பதற்குப் பேச்சில் 'இலக்கு' என்று பொருள். ஆனால் மெசான், ஆட்டோகான்ஃப் போன்ற கருவிகளின் அமைப்புக் கோப்பில், கம்பைலரையே தயாரிப்பவருக்குத்தான் அந்தச் சொல் தேவைப்படும். ஆகவே கைப்பேசியின் விவரத்தை 'ஹோஸ்ட்' பகுதியில்தான் எழுத வேண்டும். பலர் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

தமிழ் எழுத்தை அடுக்கும் நிரலகம்

ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்களின் தொகுப்பை நிரலகம் என்கிறோம். பேச்சு வழக்கில் 'லைப்ரரி'. தமிழர்களுக்கு நெருக்கமான ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் பெயர் ஹார்ஃப்பஸ்.

'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கணினியின் நினைவகத்தில் முதலில் 'க' வருகிறது, பிறகு 'ஒ'கரக் குறி வருகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். இப்படி எழுத்துருவின் விதிப்படி வடிவங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, இடம் குறித்துத் தருவதுதான் ஹார்ஃப்பஸின் வேலை. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவை இதைப் பயன்படுத்துகின்றன. இது திறமூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

சாதாரணச் செயலிக்கு ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே உள்ள எழுத்து வசதி போதும். விளையாட்டு, படத்தின்மேல் எழுத்து, பாடல் வரிகளைத் தனி அலங்காரத்தில் காட்டுதல் என்று எழுத்தைத் தானே வரைய விரும்பும் செயலிகள்தாம் இந்த நிரலகத்தைச் சேர்த்துக் கட்டுகின்றன. எங்கள் கோயில் செயலியும் அப்படித்தான். அந்த நிரலகத்தை மாணவர்கள் ஒரே ஒரு வகைக் கைப்பேசிக்கு மட்டும் தயாரித்திருந்தார்கள்.

ஆண்ட்ராய்டின் நான்கு இலக்குகள்

ஆண்ட்ராய்டுக்கான சி, சி++ நிரல்களைத் தயாரிக்க கூகுள் தரும் கருவிப் பெட்டி என்டிகே. வழக்கமாக அது நான்கு இலக்குகளுக்குத் தயாரித்துத் தரும்.

• ஆர்ம்64-வி8ஏ: 64 பிட் ஆர்ம். இன்று விற்பனையாகும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இந்த வகை.

• ஆர்ம்இஏபிஐ-வி7ஏ: 32 பிட் ஆர்ம். பழைய கைப்பேசிகளும் பல மலிவு விலைக் கைப்பேசிகளும் இதில் அடங்கும்.

• எக்ஸ்86_64: 64 பிட் இண்டெல், ஏஎம்டி சில்லுகள். சில குரோம்புக்குகளும், கணினியில் கைப்பேசி போல நடிக்கும் எமுலேட்டரும் இதைப் பயன்படுத்துகின்றன.

• எக்ஸ்86: 32 பிட் இண்டெல். 2014, 2015 வாக்கில் வந்த சில ஏசூஸ் ஸென்ஃபோன்களில் இத்தகைய இண்டெல் சில்லு இருந்தது. இன்று மிக அரிது.

64 பிட் கைப்பேசிகளில் பல 32 பிட் நிரலையும் ஓட்டும். ஆனால் 32 பிட் கைப்பேசி 64 பிட் நிரலை ஒருபோதும் ஓட்டாது. கூகுள் பிக்சல் 7 போன்ற சில புதிய கைப்பேசிகள் 32 பிட் செயலிகளை அடியோடு ஏற்பதில்லை. எனவே ஒன்றை மட்டும் தயாரித்தால் யாராவது ஒருவர் விடுபடுவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நினைவகம் 2 ஜிபி அல்லது அதற்கும் குறைவாக உள்ள பல கைப்பேசிகளில் சில்லு 64 பிட்டாக இருந்தாலும், உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட்டாகவே நிறுவப்பட்டிருக்கும். பாட்டியின் கைப்பேசி அந்த வகை. பெட்டியில் உள்ள சில்லின் பெயரைப் பார்த்து, "இது 64 பிட்" என்று முடிவுக்கு வந்துவிடக்கூடாது.

2019 ஆகஸ்டு 1 முதல், 32 பிட் நிரல் கொண்ட செயலிகள் 64 பிட் வடிவத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. 32 பிட்டை நீக்கச் சொல்லவில்லை. '64 கட்டாயம்' என்பதை '64 மட்டும் போதும்' என்று புரிந்துகொண்டதில்தான் பல செயலிகள் பழைய கைப்பேசிகளைத் தவறவிட்டன.

இலக்கின் பெயரை வாசிப்பது எப்படி?

கம்பைலரிடம் இலக்கைச் சொல்ல ஒரு பெயர்முறை உண்டு. என்டிகேயில் 64 பிட் ஆர்முக்கான பெயர் 'ஏஆர்ச்64-லினக்ஸ்-ஆண்ட்ராய்டு21' என்பது போல இருக்கும். முதல் துண்டு சில்லின் வகை. இரண்டாவது துண்டு இயங்குதளத்தின் அடிக்கரு. ஆண்ட்ராய்டின் கரு லினக்ஸ்தான். மூன்றாவது துண்டு அந்தக் கருவின்மேல் அமைந்த சூழல். கடைசியில் உள்ள 21, செயலி ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு நிலை.

நிலை 21 என்றால் 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0. நிலை 24 என்றால் ஆண்ட்ராய்டு 7.0. என்டிகேயின் 26ஆம் வெளியீடு முதல் 21தான் மிகக் குறைந்த நிலை. இந்த எண்ணைக் காரணமின்றி உயர்த்தினால், சில்லு பொருந்தினாலும் பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்குச் செயலி கிடைக்காது. ஆகவே ஒருவரை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்பதை இரண்டு எழுத்துகள் முடிவு செய்கின்றன: ஒன்று சில்லின் பெயர், மற்றொன்று இந்த எண்.

அமைக்கும் முறை, படிப்படியாக

ஹார்ஃப்பஸ் தன் தயாரிப்புக்கு மெசான் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. சி-மேக் பயன்படுத்தும் நிரலகங்களுக்கும் கருத்து இதுவே. கோப்பின் வடிவம் மட்டும் மாறும்.

1. இலக்குக்கு ஒரு கோப்பு. ஒவ்வோர் இலக்குக்கும் தனித்தனி 'குறுக்குக் கோப்பு' எழுதுங்கள். எந்தக் கம்பைலர், எந்த இணைப்புக் கருவி என்பதை ஒரு பகுதியிலும், இயங்குதளம், சில்லுக் குடும்பம், பைட் வரிசை ஆகியவற்றை 'ஹோஸ்ட்' பகுதியிலும் குறியுங்கள். சி-மேக்கில் இந்த வேலையைச் செய்வது டூல்செயின் கோப்பு. ஆண்ட்ராய்டுக்கான டூல்செயின் கோப்பு என்டிகேயுடனேயே வருகிறது. சில்லு வகையையும் ஆண்ட்ராய்டு நிலையையும் மட்டும் கொடுத்தால் போதும்.

2. இலக்குக்கு ஒரு கோப்புறை. நான்கு இலக்கு என்றால் நான்கு தயாரிப்புக் கோப்புறைகள். ஒரே கோப்புறையில் அடுத்தடுத்துத் தயாரித்தால் பழைய துண்டுகள் கலந்துவிடும்.

3. தேவையற்ற சார்புகளை நிறுத்துங்கள். ஹார்ஃப்பஸ் விருப்பம்போல் ஜிலிப், ஐசியு, கெய்ரோ, ஃப்ரீடைப் ஆகிய நிரலகங்களுடன் சேர்ந்து வேலை செய்யும். தமிழ் எழுத்தை அடுக்க இவை கட்டாயமில்லை. நிறுத்திவிட்டால், அவற்றையும் நான்கு முறை தயாரிக்கும் பாடு மிச்சம்.

4. கணினியின் சொந்த நிரலகங்கள் நுழையாமல் பாருங்கள். தயாரிப்புக் கருவி தேடும்போது, மடிக்கணினியில் ஏற்கெனவே உள்ள நிரலகத்தை எடுத்துக்கொள்வது வழக்கமான கோளாறு. 'கோப்பின் வடிவம் பொருந்தவில்லை' என்ற பிழை வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். சி-மேக்கில் நிரலகங்களையும் தலைப்புக் கோப்புகளையும் இலக்கின் கோப்புறையில் மட்டும் தேடச் சொல்லலாம். அதே வேளையில் தயாரிப்புக்கு உதவும் கருவிகளை மடிக்கணினியிலிருந்தே எடுக்கச் சொல்ல வேண்டும்.

5. சோதனை நிரல்களைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். கைப்பேசிக்காகத் தயாரித்த சோதனை நிரல் மடிக்கணினியில் ஓடாது. அதைப் பிறகு கைப்பேசியிலோ எமுலேட்டரிலோ ஓட்டிக்கொள்ளலாம்.

6. தயாரானதைச் சரிபாருங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள 'ஃபைல்' என்ற கட்டளை, ஒரு கோப்பு 32 பிட்டா 64 பிட்டா, எந்தச் சில்லுக்கானது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். கோப்புறையின் பெயரை நம்ப வேண்டாம்; இந்த வரியை நம்புங்கள்.

7. எல்லா நிரலகங்களுக்கும் ஒரே பட்டியல். ஒரு செயலியில் மூன்று நிரலகங்கள் இருந்தால் மூன்றுக்கும் ஒரே இலக்குகள் இருக்க வேண்டும். இரண்டுக்கு 32 பிட் வடிவம் இருந்து, மூன்றாவதுக்கு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். செயலி பாட்டியின் கைப்பேசியில் இறங்கிவிடும், திறந்தவுடன் மூடிக்கொள்ளும்.

இவற்றுடன் புதிய விதி ஒன்றும் சேர்ந்துள்ளது. ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும், 64 பிட் கருவிகளில் 16 கேபி நினைவகப் பக்க அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கூகுள் பிளே 2025 நவம்பர் 1 முதல் கேட்கிறது. என்டிகேயின் 28ஆம் வெளியீடு இதைத் தானாகவே செய்கிறது. பழைய என்டிகேயில் தயாரித்து எடுத்து வைத்த நிரலகம் இருந்தால், அதை மறுபடியும் தயாரிப்பதே நல்லது.

ஆப்பிளும் விண்டோஸும்

ஐஃபோனில் 32 பிட் பிரச்சினை முடிந்துபோன கதை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11, 32 பிட் செயலிகளை ஏற்பதை நிறுத்தியது. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு. ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்கில் ஓடும் சிமுலேட்டரும், கையில் உள்ள ஐஃபோனும் ஒரே ஆர்ம்64 வகைதான். இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தளங்களாகக் கருதப்படுகின்றன. ஒன்றுக்காகத் தயாரித்ததை மற்றதில் இணைக்க முடியாது. இரண்டையும் தனித்தனியே தயாரித்து 'எக்ஸ்சிஃப்ரேம்வர்க்' என்ற ஒரே பொதியில் வைக்கலாம். இதற்கான எக்ஸ்கோடு கருவி மேக் கணினியில் மட்டுமே ஓடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர், மிங்ஜிடபிள்யூ என இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்றில் தயாரித்த சி++ நிரலகத்தை மற்றதோடு கலக்கக்கூடாது. ஹார்ஃப்பஸ் உள்ளே சி++ மொழியில் இருந்தாலும் வெளிவாசலைச் சி மொழியில் வைத்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் நிற்கும்

இலக்கு மாறும்போது தமிழை மட்டும் தாக்கும் ஒரு கோளாறு உண்டு. சோதனையில் எளிதில் தப்பிவிடும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சி மொழியில் 'சார்' என்பது ஒரு பைட் அளவுள்ள எண். அது எதிர்ம எண்ணைத் தாங்குமா தாங்காதா என்பதை மொழி உறுதி செய்யவில்லை. இலக்கைப் பொறுத்து மாறும். ஆண்ட்ராய்டின் ஆர்ம் இலக்குகளில் அது 0 முதல் 255 வரை. ஐஃபோனிலும், விண்டோஸிலும், இண்டெல் மடிக்கணினிகளிலும் வழக்கமாக −128 முதல் 127 வரை.

ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128-க்குக் கீழே இருப்பதால் எங்கும் பிரச்சினை இல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். மொத்தம் 15 பைட். ஒவ்வொரு குறியின் முதல் பைட் 224. அதே 224, எதிர்ம எண் தாங்கும் இலக்கில் −32 ஆகிவிடும். அந்த எண்ணைக் கொண்டு ஒரு பட்டியலில் இடம் தேடும் நிரல், பட்டியலுக்கு வெளியே போய்விடும். ஆண்ட்ராய்டில் சரியாக ஓடிய தமிழ்த் தேடல் ஐஃபோனில் தடுமாறினால் இதையும் சோதித்துப் பாருங்கள். பைட்டுகளைக் கையாளும் இடங்களில் 'அன்சைன்டு சார்' என்று வெளிப்படையாக எழுதுவதே தீர்வு.

ஆகவே ஒவ்வோர் இலக்கிலும் தமிழ்ச் சொற்களை வைத்தே சோதியுங்கள். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகியவை சரியாகத் தெரிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

செயலி பெரிதாகிவிடாதா?

இலக்குகளைக் கூட்டினால் செயலி பெரிதாகும் என்று சொல்லி 32 பிட்டை விடுபவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டு முதல் கூகுள் பிளேயில் புதிய செயலிகளை 'ஆப் பண்டில்' வடிவில்தான் தர வேண்டும். அந்த வடிவில், ஒவ்வொரு கைப்பேசிக்கும் அதற்குப் பொருந்தும் நிரலகத்தை மட்டும் பிளே அனுப்புகிறது. நான்கு இலக்குகளைச் சேர்த்தாலும் பாட்டிக்கு ஒன்றுதான் போகும்.

உண்மையான செலவு, ஒவ்வோர் இலக்கையும் சோதிக்க ஆகும் நேரம். 32 பிட்டுக்கு ஓர் எல்லையும் இருக்கிறது: 32 பிட் ஆண்ட்ராய்டு நேரத்தை எண்ணும் முறை 2038 ஜனவரி 19, மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி காலை 11.14 மணியோடு நிரம்பிவிடும். ஒருநாள் அந்த இலக்கை விட வேண்டி வரலாம். யாரெல்லாம் விடுபடுவார்கள் என்று தெரிந்து, அவர்களிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டிய முடிவு அது. பட்டியலில் எழுத மறந்ததால் நேரக்கூடாது.

பொறுப்பாளர்கள் கேட்க வேண்டியவை

செயலிக்குப் பணம் கொடுக்கும் முன், அல்லது இலவசமாகச் செய்து தரும் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லும்போதே, இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

• 32 பிட் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓடுமா?

• எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு முதல் ஓடும்?

• 2 ஜிபி நினைவகம் உள்ள கைப்பேசி ஒன்றில் ஓட்டிப் பார்த்தீர்களா?

• எல்லாக் கருவிகளிலும் தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா?

• மூல நிரலும் தயாரிப்புக் கோப்புகளும் சங்கத்திடம் இருக்குமா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. செய்தவர்கள் வேலைக்குப் போய்விட்டாலும், அமைப்புக் கோப்புகள் இருந்தால் அடுத்தவர் மறுபடியும் தயாரிக்கலாம்.

தங்கள் கைப்பேசியின் வகையை அறிய விரும்புவோர், அதைக் கணினியுடன் இணைத்து ஆண்ட்ராய்டின் ஏடிபி கருவி மூலம் அது ஏற்கும் இலக்குகளின் பட்டியலைப் பார்க்கலாம். ஆர்ம்64-வி8ஏ என்ற பெயர் அதில் இல்லாமல் ஆர்ம்இஏபிஐ-வி7ஏ மட்டும் இருந்தால் அது 32 பிட் கைப்பேசி. வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கோயில் செயலியை அந்த மாணவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் இருவர் கையிலும் இருந்தவை புதிய கைப்பேசிகள். வேறு வகை இருக்கும் என்றே தோன்றவில்லை என்றார்கள். இன்னொரு குறுக்குக் கோப்பு எழுதி, நிரலகத்தை 32 பிட் ஆர்முக்கும் தயாரித்துச் சேர்த்தார்கள். பாட்டியின் கைப்பேசியை இரண்டு நாள் கடன் வாங்கிச் சோதித்தார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் அது பாட்டியின் கைப்பேசியில் இறங்கியது. அவர் முதலில் திறந்து பார்த்தது அன்னதானப் பட்டியலை. மூன்றாம் நாள் காய்கறி நறுக்கும் பொறுப்பில் தம் பெயர் இருக்கிறதா என்று விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். இருந்தது.